வில்லங்கமில்லாத பதினொரு கட்டுரைகள்

இதனால் உலகத் தமிழர் அனைவருக்கும், குறிப்பாகக் கடலாடி தாலுகாவில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும், தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொறுமை உள்ளவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நிகழும் 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டுரைப் பேரொளி, முகவை மண்ணின் மனசாட்சி, கடலாடிக் கதிரோன் அவர்கள் எழுதிய 'கரிமூட்டமும் நானும்' என்னும் நூல் வெளியிடப்படும். தமிழ் உரைநடை வரலாறு அன்று முதல் இரண்டு பாகமாகப் பிரித்து அறியப்படும்.

இந்த நோட்டீஸை எழுதியவரும் கடலாடிக் கதிரோன்தான். பேரொளிப் பட்டத்தை வழங்கியவரும் அவரே. அவருடைய நிஜப் பெயர் குருநாதன், வயது ஐம்பத்தொன்று. இருபத்தேழு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். நிலம், வீடு, கண்மாய்க்கரைப் புளியமரத்தில் பாதி என்று கடலாடியைச் சுற்றிக் கைமாறியவற்றில் பெரும்பகுதி அவர் பேனா வழியாகத்தான் மாறியது. முற்றுப்புள்ளி வைக்காமல் மூன்று பக்கம் எழுதக்கூடியவர்.

இலக்கியத்துக்கு அவர் பிந்தித்தான் வந்தார். சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் பூசி, புகைய விட்டுக் கரியாக்கும் மூட்டத்தில் அவருடைய அய்யா வேல்சாமி ஆயுள் முழுக்க வேலை பார்த்தார். ஒருநாள் மூட்டம் சரிந்து அவருடைய இரண்டு கையும் வெந்துபோயின. அய்யா இறந்து பல வருஷம் கழித்து, பத்திர ஆபீஸ் வெறிச்சோடிக் கிடந்த ஓர் ஆடி மாதத்தில், குருநாதன் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு நிறுத்த முடியவில்லை. பதினொன்று ஆனது.

எழுதியதை வெளியிட வேண்டுமே. இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தொண்டிக்காரர் ஹமீது சுல்தான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். துபாயில் பத்து வருஷம் இருந்து திரும்பியவர். ஒட்டுப்பலகை அடித்த ஆறு கேபின்கள் இருந்தன. குருநாதன் உட்கார்ந்தால் முழங்கால் ஒரு பலகையிலும் முதுகு இன்னொரு பலகையிலும் இடிக்கும். அங்கேதான் ஹமீது கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, அவருக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தார்.

"முடிஞ்சுச்சுண்ணே. ஒலகம் பூரா தெரியும்."

"இது ஒண்ணுதானா?" என்றார் குருநாதன்.

"ஒண்ணு போதாதாண்ணே?"

"பாய், பத்திரத்துக்கு நகல் எத்தன எடுப்பேன்னு தெரியுமா? அசல் ஒண்ணு, நகல் நாலு. ஒண்ணு செல்லரிச்சாலும் ஒண்ணு பேசும். நகல் கூடக் கூட உரிமை கெட்டிப்படும். இன்னும் எங்கெங்க போடலாம், சொல்லு."

ஹமீது தேடினார். வெளிநாட்டுத் தமிழர்கள் நடத்தும் இணைய இதழ்கள் நான்கு, ஊர்ச் செய்தித் தளங்கள் இரண்டு கிடைத்தன. வலைப்பூவோடு சேர்த்து ஏழு. ஆறு தளங்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் பதினொரு கட்டுரைகளும் போயின.

"அண்ணே, ஒரே சரக்க எல்லாருக்கும் குடுத்தா ஒத்துக்குவாங்களா?"

"எழுத்தாளன் நானா, நீயா?"

ஹமீது வாயை மூடிக்கொண்டார். மணிக்கணக்குக்குக் காசு வருகிற தொழிலில் வாயை மூடுவது சுலபம்.

ஒரு மாதத்தில் ஆறு தளங்களிலும் கட்டுரைகள் வந்தன. ஓர் இதழில் கனடா வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "இதை வேறெங்கோ படித்த ஞாபகம். சுட்டதா?" குருநாதன் அதை அச்செடுத்து வந்து மனைவி சண்முகவள்ளியிடம் காட்டினார். "பாத்தியா? கனடாக்காரன் ரெண்டு தடவ படிச்சிருக்கான்."

சண்முகவள்ளி ஒரு தடவையும் படித்ததில்லை. "படிச்சவன் சந்தேகப்படுறான். நல்லாருக்குன்னு எங்கன எழுதிருக்கான்?" என்று மட்டும் கேட்டாள்.

2009 ஜனவரியில் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. கரைவெளிப் பதிப்பகம் நடத்தும் நாகலெட்சுமி எழுதியிருந்தார். குருநாதன் தபாலில் அனுப்பிய பதினொரு கட்டுரைகளையும் நூலாகப் போடச் சம்மதம். ஒரே நிபந்தனை. இவை இதற்கு முன் அச்சிலோ இணையத்திலோ எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. சும்மா கிடைப்பதைக் கடையில் யார் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. இணைத்திருந்த ஒரு வரி உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

ஒரு வரி! இருபத்தேழு வருஷ அனுபவத்தை அவமதிக்கிற வரி. குருநாதன் அதைக் கிழித்துப் போட்டார். இருபது ரூபாய் முத்திரைத்தாள் வாங்கித் தானே மூன்று பக்கம் எழுதினார். 'மேற்படி கட்டுரைகள் பதினொன்றும் இதற்கு முன் எவருக்கும், எவ்விடத்தும், எவ்வகையிலும் கொடுக்கப்படாதவை என்றும், யாதொரு வில்லங்கத்துக்கும் உட்படாதவை என்றும், பின்னிட்டு வில்லங்கம் ஏதும் தோன்றினால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பதுடன் சிவில், கிரிமினல் நடவடிக்கைக்கு உட்படவும் சம்மதிக்கிறேன் என்றும்...' இப்படிப் போனது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். சாட்சிகள் என்றைக்கும் படித்துப் பார்ப்பதில்லை.

ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்க வந்த எத்தனையோ பேரைக் குருநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று திட்டி அனுப்பியிருக்கிறார். தன் கட்டுரை ஏழு இடத்தில் இருப்பது அந்த ரகத்தில் வருமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது நிலமில்லையே. ஆனாலும் பத்திரத்தைத் தபாலில் சேர்த்த மறுநாள் அந்த மூன்று பக்கத்தின் நகலை எடுத்துத் திரும்ப ஒருமுறை படித்தார். முதல் பஸ்ஸில் இராமநாதபுரம் போனார்.

"பாய், எல்லாத்தையும் அழிச்சுப்புடு. ஒண்ணு தங்கக் கூடாது."

"எதுக்குண்ணே?"

"புஸ்தகம் வருது."

"நம்ம வலைப்பூவ நான் அழிக்கலாம். மத்ததெல்லாம் அடுத்தவுக வீடு. எழுதித்தான் கேக்கணும். மொத அவுக எடுக்கட்டும், நம்மளத கடைசியா எடுப்போம். ஒரு தடயம் இருக்கட்டும்ணே."

"தடயம் இருக்கக் கூடாதுன்னுதாய்யா வந்துருக்கேன்!"

வலைப்பூ முதலில் போனது. நல்ல பதிவுகள், தேதியோடு, அவர் புகைப்படத்தோடு இருந்தவை, ஒரே தட்டலில் போயின. மற்றவர்களுக்கு ஹமீது கெஞ்சி எழுதினார். மூன்று இதழ்கள் மறுப்பேதும் சொல்லாமல் எடுத்துவிட்டன. இரண்டு தளங்கள் கட்டணம் கட்டாமல் ஏற்கனவே செத்திருந்தன. 'முகவை முற்றம்' என்ற ஒரு தளம் மட்டும் பதிலே போடவில்லை.

ஒன்றுதானே என்று குருநாதன் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். ஐந்நூறு.

பிப்ரவரி கடைசியில் போன் வந்தது.

"குருநாதன் சாரா? கரைவெளிப் பதிப்பகம், நாகலெட்சுமி பேசுறேன்."

"சொல்லுங்கம்மா. அட்டைப்படம் வந்துருச்சா?"

"அட்டை இருக்கட்டும். சேதுராமன்னு யாரையாவது தெரியுமா உங்களுக்கு?"

"சேதுராமனா?"

"புரூப் பார்க்கிறவங்க சந்தேகத்துல ஒரு வரியை இணையத்துல போட்டுத் தேடியிருக்காங்க. முகவை முற்றம்னு ஒரு தளம் வருது. பதினொண்ணும் அங்க இருக்கு. ஒரு எழுத்து மாறல. ஒவ்வொண்ணுக்கும் கீழ 'பதிந்தவர்: சேதுராமன்'. போன வருஷம் ஏப்ரல் தேதி. உங்க பேர் எங்கயுமே இல்ல."

'அது நான் எழுதியதுதான், நான்தான் அனுப்பினேன்' என்று சொல்லக் குருநாதன் வாயெடுத்தார். சொன்னால், எவருக்கும் எவ்விடத்தும் கொடுக்கவில்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தது பொய். 'நான் அனுப்பவே இல்லை' என்றால், கட்டுரைகள் சேதுராமனுடையவை, இவர் திருடர். இரண்டில் எதையும் சொல்லாமல் இருக்கும் வழி ஒன்று உண்டு.

"சிக்னல் கட் ஆகுதும்மா."

"லேண்ட்லைன்ல பேசிக்கிட்டிருக்கீங்க சார்."

குருநாதன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"பதினஞ்சு நாள் தர்றேன். இது உங்களோடதுதான்னு தெளிவா ஒரு காகிதம் வேணும். இல்லாட்டி உங்க பத்திரத்தை எங்க வக்கீல்கிட்ட கொடுக்க வேண்டியதுதான். அதுல கிரிமினல் நடவடிக்கைக்குச் சம்மதம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நாங்க கேட்கக்கூட இல்ல."

மறுநாள் ஹமீதின் கேபினில் குருநாதன் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் திணிந்து உட்கார்ந்திருந்தார். திரையில் தேடல் முடிவுகளின் முதல் வரியாக முகவை முற்றம் நின்றது. இரண்டாவது வரி அடுப்புக்கரி மொத்த வியாபாரி.

"பதிந்தவர்னா எழுதுனவரு இல்லண்ணே. தளத்துல ஏத்துனவரு பேரு அதுவா விழும்."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மதுரைக்குத் தெரியுமா? நாந்தான் எழுதுனேன்னு காட்ட என்ன இருக்கு?"

"வலைப்பூ இருந்தா மார்ச் மாசத் தேதியோட காட்டிருக்கலாம். அத மொத அழிக்கச் சொன்னீக."

"நீ தடுத்துருக்கணும்ல?"

"தடுத்தேன். கத்துனீக."

"கையெழுத்துப் பிரதி இருக்கே, வீட்ல?"

"அத நேத்து ராத்திரி உக்காந்து பாத்து எழுதுனதுன்னு சொன்னா?" ஹமீது கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு இருக்குண்ணே. அன்னைக்கு அனுப்புன மெயில். தேதி, நேரம், ஒங்க பேரு, எல்லாம் இருக்கு."

குருநாதன் நிமிர்ந்ததில் பலகை ஆடியது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எடு, எடு."

ஹமீது திறந்து காட்டினார். பெறுநர் என்ற இடத்தில் ஆறு முகவரிகள், ஒன்றன் பின் ஒன்றாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. அவர்தான் எழுதினார் என்று நிரூபிக்க உலகத்திலேயே மிச்சமிருந்த ஒரே சாட்சியம் அது. அவர் ஆறு பேருக்குக் கொடுத்தார் என்பதையும் அதுவே நிரூபித்தது.

"மூடு அத," என்றார் குருநாதன்.

வீட்டில் சண்முகவள்ளி நோட்டீஸ் கட்டைப் பிரித்துப் பாதியை விநியோகித்து முடித்திருந்தாள். "எங்க அண்ணன் சாயல்குடியில இருந்து வேன் சொல்லிட்டாரு. இருவது பேரு வாராக. எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக?"

"விழாவத் தள்ளி வச்சா என்ன?"

"என்ன சொல்லித் தள்ள? பேரொளிக்குக் கரண்டு போச்சுன்னா?"

முகவை முற்றத்தின் கடைசிப் பக்கத்தில் சேதுராமனின் தொலைபேசி எண் இருந்தது. ஆள் இராமேஸ்வரத்துக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் மேற்பார்வையாளர். தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்ததால் இரண்டு மாதமாகத் தளத்தையும் மின்னஞ்சலையும் திறக்கவே இல்லை என்று போனில் சிரித்தார். குருநாதன் பஸ் ஏறினார். பாம்பன் பாலத்தில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அவர் மட்டும் முன் சீட்டின் கம்பியைப் பார்த்தபடி வாசகம் கோத்துக்கொண்டு வந்தார்.

சேதுராமன் நல்ல மனிதர். இந்தக் கதையில் அதுதான் பெரிய தொந்தரவு.

"ஐயோ, உங்க பேரு விழலையா? தப்புங்க, பெரிய தப்பு. இப்பவே எழுதித் தாரேன். 'இக்கட்டுரைகளை எழுதியவர் கடலாடி குருநாதன். எங்கள் தளத்தில் வெளியிட 2008 ஏப்ரல் மாதம் அனுப்பி வைத்தார்.' போதுங்களா?"

"ரெண்டாவது வரி வேண்டாம்."

"அது இல்லாட்டி எங்கிட்ட எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல? காத்துல பறந்தா வந்துச்சு?"

"வந்துச்சுன்னு மட்டும் போட்டா?"

"பொய் எழுத மாட்டேங்க. மன்னிச்சுக்கங்க. நெசத்தக் கேளுங்க, எத்தன பக்கம்னாலும் எழுதுறேன்."

பொய் சொல்ல ஆளில்லை. நிஜமோ, சொன்னால் கழுத்தைப் பிடிக்கும். அப்போதுதான், இருபத்தேழு வருஷத் தொழில் குருநாதனுக்குக் கைகொடுத்தது. நிலத்தில் யாருக்காவது பங்கு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்? அந்த ஆளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். இருக்கிற பாத்தியதையை, இல்லாத பாத்தியதையை, எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று அவர் கையெழுத்திட்டால் முடிந்தது. யார் எழுதினார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்ற பேச்சே அதில் வராது.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. ஒங்களுக்கு இதுல ஏதாச்சும் உரிமை இருந்தா அத விட்டுக் குடுக்கிறதா ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான்."

"எனக்குத்தான் ஒரு உரிமையும் இல்லையே?"

"இல்லாதத விட்டுக் குடுக்கிறதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?"

சேதுராமனுக்கு அது நியாயமாகப் பட்டது. கல்யாண வீட்டு அவசரம் வேறு.

குருநாதன் அங்கேயே, பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்த முற்றத்தில், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். கை தானாக ஓடியது. எத்தனை ஆயிரம் தடவை எழுதிய கை! யோசிக்க இடமே கொடுக்கவில்லை. 'எனக்குச் சொந்தமானதும், என் சுயார்ஜிதமாகக் கிடைத்ததும், இன்று வரை என் அனுபவத்திலும் சுவாதீனத்திலும் இருந்து வருவதுமான கட்டுரைகள் பதினொன்றையும், கடலாடி குருநாதன் ஆகிய தங்களுக்கு மனப்பூர்வமாக விட்டு விடுதலை செய்து கொடுத்து...' சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளையும் விடவில்லை. 'மேற்கண்ட வலைத்தளத்தில், ஜாதகப் பொருத்தப் பகுதிக்குத் தெற்கு, வாசகர் கடிதத்துக்கு வடக்கு, சமையல் குறிப்புக்குக் கிழக்கு, விளம்பரத்துக்கு மேற்கு. இதற்குட்பட்டது.'

சேதுராமன் படிக்காமல் கையெழுத்திட்டார். பந்தல்காரர்கள் இருவர் சாட்சி.

"யாரு என்ன கேட்டாலும் வாயத் திறக்காதீக தம்பி. நீங்க ஒரு வார்த்த நெசம் பேசினா நான் உள்ள போயிருவேன்."

"சத்தியமா பேச மாட்டேங்க," என்றார் சேதுராமன். சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த வாரம் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார்.

பத்திரம் மதுரைக்குப் போனது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"பிரமாதமான பத்திரம் சார். எங்க வக்கீலே பாராட்டினார். ஓட்டையே இல்லன்னார்."

குருநாதன் ரொம்ப நாளைக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். "நம்ம கை அப்பிடிம்மா."

"எங்களுக்கும் குழப்பம் தீர்ந்துச்சு. எழுதினது சேதுராமன். அவரோட சுயார்ஜிதம், அதாவது சொந்த உழைப்புல வந்தது. அவர் தன் தளத்துல போட்டது உங்க தப்பு இல்ல; புரூப் வரைக்கும் வந்தாச்சு, அதை விட்டுடுறோம். உங்களுக்கு உரிமையை விட்டுக் கொடுத்திருக்கார். வெளியிட நீங்க அனுமதி கொடுக்கலாம். ஆனா எழுதினவர்னு உங்க பேரைப் போட முடியாது. அட்டையில சேதுராமன். உள்ளே ரெண்டாம் பக்கத்துல, 'உரிமை: குருநாதன்'."

"அம்மா, அது வந்து... அது நான் எழுதுனது."

"பத்திரத்தைத்தானே சொல்றீங்க?"

"கட்டுரைய."

"அப்போ பத்திரம் பொய்யா சார்?"

சுவரில் கோவில் காலண்டர் ஃபேன் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொய்ப் பத்திரம் ஏற்கனவே மதுரையில் இருக்கிறது. இரண்டாவதையும் பொய் என்று சொன்னால், இருபத்தேழு வருஷமாக எழுதிய அத்தனையையும் யாராவது தோண்டுவார்கள். லைசென்ஸ் போகும். சாப்பாடு போகும்.

"பொய்யில்லம்மா," என்றார்.

விழா ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நடந்தது. சாயல்குடி வேன் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. மேடையின் பின்னால் தொங்கிய பேனரில் சேதுராமனின் படம் இருந்தது. தளத்திலிருந்து எடுத்தது, மஞ்சள் ஹெல்மெட்டோடு இருந்தார். பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு பேரொளி எங்கே என்று தேடியவர்களுக்குச் சண்முகவள்ளி, "அது அச்சுப் பிழை" என்று சொல்லிச் சமாளித்தாள். குருநாதன் மேடையின் ஓரத்து நாற்காலியில், உரிமைதாரர் என்ற வகையில், சால்வை போர்த்தி உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஒரு பேராசிரியர் முதல் கட்டுரையை முழுக்க வாசித்தார். 'என் அய்யாவின் இரண்டு கையும் அன்று வெந்தன' என்ற இடத்தில் அவர் ஹெல்மெட் படத்தைத் திரும்பிப் பார்த்துக் குரல் தழுதழுத்தார். குருநாதன் தன் மடியில் கிடந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் உறவுக்காரர் ராக்கப்பன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேல்சாமியோடு ஒரே மூட்டத்தில் வேலை பார்த்தவர்.

"ஏலே குருநாதா, அந்த ராமேஸ்வரத்தாளு அய்யாவுக்கும் நம்ம வேல்சாமி மாதிரியே மூட்டம் சரிஞ்சு கை வெந்துருக்குடா. பாவம். அந்தப் புள்ள அத எழுதி வச்சிருக்கான் பாரு. நீயும் இத்தன வருசமா எழுதுற. ஒங்க அய்யனப் பத்தி ஒரு வரி எழுதணும்னு தோணுச்சா ஒனக்கு?"

"இல்ல மாமா," என்றார் குருநாதன். வேறு எதைச் சொல்லவும் அவருக்குப் பாத்தியதை இல்லை.

அன்று மாலை சண்முகவள்ளி புத்தகத்தை எடுத்து, முதல் தடவையாக, பதினொரு கட்டுரைகளையும் ஒரே மூச்சில் படித்தாள். குருநாதன் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திரும்பும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். கடைசியில் அவள் புத்தகத்தை மூடினாள்.

"கட்டுரைக சுமார்தான்," என்றாள்.